மனநோய்ச் சிகிச்சையில் தொடர் கவனிப்பு

(திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவர்கள், மாவட்டச் சுகாதார அலுவலர்கள் ஆகியோரிடையே நிகழ்த்திய உரை)

மக்கள் நல்வாழ்வுத் துறையில் கேரளம் அடைந்துள்ள முன்னேற்றம் யாவரும் அறிந்ததே. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாடு முழுவதிலும் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 28 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. கேரளத்தில் இந்த எண்ணிக்கை 6 மட்டுமே. வளர்ந்த நாடுகளின் நிலையை எட்டிப்பிடிக்கும் சாதனை இது.

ஆனால் இதே மாநிலத்தின் மற்றொரு கணக்கு கவலைக்குரியதாக உள்ளது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விவரப்படி, 2022-இல் நாட்டில் இலட்சம் மக்களுக்கு 12.4 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். கேரளத்தில் இவ்விகிதம் 28.5. கல்வியும் மருத்துவ வசதியும் மிகுந்த ஒரு மாநிலத்தில் இவ்விரு கணக்குகளும் அருகருகே நிற்பது எதனால்? பதிவு முறையாக நடைபெறுவதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணமாகலாம். மது, கடன், குடும்பச் சூழல், தனிமை எனச் சமூகக் காரணங்கள் பல உண்டு. அவை யாவும் மருத்துவரின் கையில் இல்லை. மருத்துவரின் கையில் உள்ளது எது என்பதே இவ்வுரையின் பொருள்.

குழந்தை இறப்பு எவ்வாறு குறைந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். தடுப்பூசி போட வேண்டிய நாளில் குழந்தையைக் கொண்டுவரவில்லையெனில், கிராமச் செவிலியர் தம் ஏட்டைப் பார்த்து அவ்வீட்டைத் தேடிச் செல்கிறார். மனநோயாளி குறிப்பிட்ட நாளில் மருந்து வாங்க வரவில்லையெனில் பெரும்பாலான இடங்களில் எவரும் தேடிச் செல்வதில்லை. ஏட்டில் ஒரு வரி காலியாக நிற்கிறது, அவ்வளவே. அந்தக் காலி வரி எவ்வளவு முக்கியமானது என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டியுள்ளன.

ஊளம்பாறையிலிருந்து மாவட்டத் திட்டம் வரை

திருவனந்தபுரம் ஊளம்பாறையில் உள்ள மனநல மையம், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் 1870-இல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் பகுதியாக விளங்கும் கன்னியாகுமரி மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை இந்நகரைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின் கீழேயே இருந்தது. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும் ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் மனநோய்ச் சிகிச்சை என்பது நோயாளியைச் சமூகத்திலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதாகவே இருந்தது. அத்தகைய ஏற்பாட்டில் தொடர் கவனிப்பு என்ற கேள்வியே எழவில்லை. உள்ளே வந்தவர்களில் பலர் வெளியே செல்லவேயில்லை.

இந்நிலை மாறுவதற்கு மருந்துகளின் வருகை ஒரு காரணம். குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது மற்றொரு காரணம். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கச் செய்தார். நோயின் தன்மையை நேரில் கண்டறிந்த குடும்பத்தினர் அச்சம் நீங்கி நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இதே வழியைப் பின்பற்றியது.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பின்னர் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில் 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் இது 1999-இல் தொடங்கியது. மனநலச் சிகிச்சை மதிலைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்தது. ஆயினும் 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநோய்களில் சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 சதவிகிதம் வரை இருப்பதாகக் கண்டது. சிகிச்சையே தொடங்காதோர் ஒருபுறமிருக்க, தொடங்கிய பின் இடையில் நின்றுவிடுவோரும் இந்தக் குறைபாட்டில் அடங்குவர். முன்னவர்களைக் கண்டறிய முகாம்களும் விளம்பரங்களும் உள்ளன. பின்னவர்களின் பெயரும் முகவரியும் மருத்துவமனையின் ஏட்டிலேயே உள்ளன.

ஒன்பது தொடர்புகள்

தற்கொலைக்கு முயன்று அவசரச் சிகிச்சைப் பிரிவில் உயிர் பிழைத்தவர், சில நாட்களில் வீடு திரும்புகிறார். உடல் தேறிவிட்டது எனக் கோப்பு மூடப்படுகிறது. அதற்குப் பின் என்ன செய்யலாம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஆராய்ந்தது. பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், இலங்கையின் கொழும்பு, நம் சென்னை ஆகியவை அவை. மொத்தம் 1,867 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டு, எவ்வித விருப்பத் தேர்வும் இன்றி இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அந்தந்த மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அத்துடன் கூடுதலாக, வீடு திரும்பும் முன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனிப்பட்ட உரையாடலும், பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ தொடர்பும் அளிக்கப்பட்டன.

தொடர்புகளின் கால அட்டவணை கவனிக்கத்தக்கது. 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும், 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் அவை அமைந்தன. அதாவது ஒன்பதில் ஐந்து, முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே அடங்கிவிட்டன. வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மிகுந்த ஆபத்துக் காலம் என்பது பல நாடுகளிலும் உறுதிப்பட்ட உண்மை.

2008-இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 2.2 சதவிகிதத்தினரும், தொடர்பு பெற்ற பிரிவில் 0.2 சதவிகிதத்தினரும் பதினெட்டு மாதங்களில் தற்கொலையால் இறந்தனர். எண்ணிக்கையாகக் கூறின் முதற்பிரிவில் 18 பேர், இரண்டாவதில் 2 பேர். இதனை மிகைப்படுத்துவதும் கூடாது. இதே ஆய்வின் பிற்கால அலசலில், மீண்டும் முயலுவோரின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தொடர்பு துயரத்தை நீக்கிவிடுவதில்லை. ஆனால் உயிரைக் காக்கும் வலிமை அதற்கு இருக்கக்கூடும் என்பதே நியாயமான முடிவு.

இதற்கு முன்னோடியாக ஜெரோம் மோட்டோ என்னும் மருத்துவர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓர் ஆய்வு நடத்தினார். தொடர் சிகிச்சையை மறுத்துவிட்ட 843 பேரில் ஒரு பிரிவினருக்கு, நலம் விசாரிக்கும் சிறு கடிதங்கள் ஐந்தாண்டுகள் வரை அனுப்பப்பட்டன. கடிதத்தில் அறிவுரையும் இல்லை. மருத்துவமனைக்கு வருமாறு அழைப்பும் இல்லை. கடிதம் பெற்றோரிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைந்திருந்தது. தம்மை நினைவில் வைத்துள்ள ஒருவர் உண்டு என்ற உணர்வே இங்கு மருந்தாயிற்று எனலாம்.

மனச்சிதைவு நோயில் நீண்ட பார்வை

மனச்சிதைவு நோய் பற்றி மக்களிடையே மட்டுமின்றி, மருத்துவர்களிடையேயும் அவநம்பிக்கை உண்டு. சென்னையில் 1981-இல் தொடங்கிய ஆய்வு இதனைப் பெரிதும் மாற்றியது. நோயின் முதல் நிலையில் சிகிச்சைக்கு வந்த 90 பேரை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். டாக்டர் ஆர். தாராவும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் (ஸ்கார்ஃப்) இப்பணியைப் பத்து, இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் எனத் தொடர்ந்தனர். பத்தாண்டு முடிவில், தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் நோய்க்குறிகள் தணிந்த நிலையில் இருந்தனர். இந்நோய் வந்தவர் எவரும் தேறுவதில்லை என்ற கூற்று இதனால் பொய்யாயிற்று.

ஆனால் இதே ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. கால் நூற்றாண்டுக்குள் இவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் இறந்துவிட்டனர். ஆய்வு தொடங்கியபோது இவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். தற்கொலையும் உடல்நோய்களுமாகச் சேர்ந்து மனநோயாளிகளின் ஆயுளைக் குறைப்பது உலகெங்கும் காணப்படுகிறது. இம்மருந்துகளில் சில உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக்கூடியவை. எனவே, மனநோயாளியின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பார்ப்பதும் மனநல மருத்துவரின் கடமையே.

மருத்துவமனைக்கு வெளியே அளிக்கும் கவனிப்பின் பயனைச் சோதிக்கக் கோவா, சாத்தாரா, காஞ்சிபுரம் மாவட்டம் ஆகிய மூன்று இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2014-இல் வெளியாயின. மனச்சிதைவு உள்ள 282 பேரில் 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் தரப்பட்டது. 187 பேருக்கு அத்துடன் பயிற்சி பெற்ற சமூக ஊழியர்களின் கவனிப்பும் கிடைத்தது. ஊழியர்கள் வீட்டிற்குச் சென்று மருந்து உட்கொள்வதைக் கவனித்தனர். குடும்பத்தினருக்கு நோயை விளக்கினர். நோயாளியை வேலையிலும் சமூக உறவுகளிலும் மீண்டும் ஈடுபடுத்த முயன்றனர். ஓராண்டு முடிவில் நோய்க்குறிகளிலும் செயல் இழப்பிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதும் கூடியது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பலன் அதிகமாக இருந்தது. வசதி குறைந்த இடத்தில்தான் வீடு தேடிச் செல்லும் பணி மிகுதியாகப் பயன்படுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் சமூகத்தின் இகழ்ச்சியை இம்முயற்சி குறைத்துவிடவில்லை. ஊழியரால் ஆகக்கூடியதும் ஆகாததும் இதனால் தெளிவாகின்றன.

மனச்சோர்வைக் கண்டறிதலும் அளத்தலும்

நாட்டில் இலட்சம் மக்களுக்கு மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை. 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு இதனை 0.75 எனக் கணக்கிட்டது. ஆகவே, ஒவ்வொரு மனச்சோர்வு நோயாளியையும் மனநல மருத்துவரே கவனிப்பது இயலாது. இதற்கு மாற்று உண்டா என்பதைக் கோவாவில் நடந்த இரு ஆய்வுகள் சோதித்தன. முதலாவது, 12 அரசு நிலையங்களிலும் 12 தனியார் மருத்துவ நிலையங்களிலும் நடந்து 2010-இல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் ஆலோசனை வழங்க, தேவைப்படும்போது மட்டும் மனநல மருத்துவர் தலையிட்டார். அரசு நிலையங்களில் ஆறு மாத முடிவில், இக்கவனிப்பைப் பெற்றவர்களில் 65.9 சதவிகிதத்தினரும், பெறாதவர்களில் 42.5 சதவிகிதத்தினரும் தேறினர். தனியார் நிலையங்களில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை.

இரண்டாவது ஆய்வு, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடையே நடந்து 2017-இல் வெளியானது. ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட எளிய உரையாடல் சிகிச்சையைச் சாதாரண ஊழியரே அளித்தனர். மூன்று மாதத்தில் இவர்களில் 64 சதவிகிதத்தினருக்கு நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடையே இது 39 சதவிகிதம்.

கேரளத்தில் ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ்க் குடும்ப சுகாதார நிலையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வுச் சிகிச்சைப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டது இந்நோக்கில் வரவேற்கத்தக்கது. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஆரம்ப நிலைச் சிகிச்சைக்கு வருவோரிடம் மனச்சோர்வைக் கண்டறிய நான்கே கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை உருவாக்கி 2017-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை என்பதே விடை. நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் இதனைப் பயன்படுத்த இயலும் என்பதே இதன் சிறப்பு.

கண்டறிந்த பின்பும் அளவீடு தேவை. இரத்த அழுத்தத்தை அளக்காமல் அதற்கு மருந்து தருவோர் இல்லை. ஆனால் மனச்சோர்வு நோயாளியிடம் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, “பரவாயில்லை” என்ற விடையுடன் அதே மருந்தை எழுதித் தருவது பல இடங்களிலும் வழக்கமாக உள்ளது. ஒன்பது கேள்விகளும் 27 மதிப்பெண்களும் கொண்ட பி.எச்.க்யூ-9 போன்ற அளவுகோலை ஒவ்வொரு முறையும் நிரப்பச் செய்தால், நோயாளி தேறுகிறாரா, தேங்கி நிற்கிறாரா என்பது இரண்டு மூன்று வருகைகளிலேயே தெரிந்துவிடும். மருத்துவரின் அனுபவத்திற்கு இது மாற்று அன்று, துணையே.

செலவுக் கணக்கு

திட்டமிடுவோர் எழுப்பும் முதற்கேள்வி, இதற்கெல்லாம் பணம் எங்கே என்பதாகும். கர்நாடகக் கிராமங்களில் அதுவரை சிகிச்சை பெறாதிருந்த 100 மனச்சிதைவு நோயாளிகளைக் கண்டறிந்து, ஒன்றரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2005-இல் வெளியானது. நோய்க்குறிகளும் குடும்பத்தின் சுமையும் குறைந்ததுடன், நோயாளியைக் கவனிப்பதற்காகக் குடும்பத்தினர் செலவிட்ட நேரமும் குறைந்தது. மருத்துவத்திற்கு அப்பாற்பட்ட பிற வழிகளை நாடிச் செய்த செலவும் குறைந்தது. இச்சேமிப்பு, சிகிச்சைக்கான செலவை ஈடுசெய்தது.

பொருளாதார நோக்கில் இது முக்கியமானது. மனநோயாளிக்குத் துணையாக வீட்டிலிருக்கும் தாய் இழக்கும் கூலி, எந்தத் துறையின் வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. ஊழியரின் பயணப்படி மட்டும் கணக்கில் ஏறுகிறது. ஆகவே தொடர் கவனிப்பு செலவு மிகுந்ததாகத் தோற்றமளிக்கிறது. குடும்பத்தின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், கவனிப்பு நின்றுபோவதே பெருஞ்செலவு என்பது புலனாகும்.

புதிய அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டியதும் இல்லை. கேரளம் 2008-இல் வலி தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சி மன்றங்களின் ஆதரவுடன் படுக்கையில் உள்ள நோயாளிகளை வீட்டிற்கே சென்று கவனிக்கும் குழுக்களை வளர்த்துள்ளது. ஆஷா பணியாளர்களும் குடும்பஸ்ரீ அமைப்பின் உறுப்பினர்களும் ஒவ்வொரு வார்டிலும் உள்ளனர். அவர்கள் செல்லும் வழியில் இன்னும் ஒரு கதவைச் சேர்ப்பதே தேவை.

கவனிப்பும் கண்காணிப்பும்

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வீடு தேடிச் செல்லும் ஊழியர், அண்டை அயலார் அறியும்படி செல்வாரெனில், நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையே விளையக்கூடும். திருமணமாகாத மகளுள்ள குடும்பமோ, வேலை தேடும் இளைஞரோ இதனை அஞ்சுவதில் வியப்பில்லை. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியின் விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை உறுதி செய்கிறது. ஆகவே, எந்த முறையில் தொடர்பு கொள்ளலாம், எந்த எண்ணில் அழைக்கலாம், யாரிடம் பேசலாம் என்பதை நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது.

இதே சட்டத்தின் 98-ஆம் பிரிவு, நோயாளி வெளியேறும் முன் அவரோடும் அவரைக் கவனிக்கப்போகும் குடும்பத்தினரோடும் கலந்து, அடுத்த சிகிச்சைக்கான ஏற்பாட்டை வகுக்குமாறு கூறுகிறது. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதி, அவருக்குக் கவனிப்பும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. ஆராய்ச்சி கூறுவதையே சட்டமும் கூறுகிறது.

மருத்துவர்களும் அலுவலர்களும் செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து நடைமுறைக்கு ஏற்ற சில வழிகள் தோன்றுகின்றன:

1. மருத்துவமனையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மனநோயாளிக்கும் அடுத்த சந்திப்பின் நாள், இடம், சந்திக்கப்போகும் பணியாளரின் பெயர் ஆகிய மூன்றும் எழுத்தில் தரப்பட வேண்டும். முதல் தொடர்பு ஒரு வாரத்திற்குள் அமைதல் நன்று.

2. தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்றவருக்கு ஒன்பது தொடர்புகளின் அட்டவணையை மாவட்ட மனநலக் குழு கடைப்பிடிக்கலாம். இதனைச் செவிலியரே செய்ய இயலும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் எழுதித் தருதல் வேண்டும்.

3. குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலை வாரந்தோறும் தயாரித்து, அவர்கள் இசைந்த முறையில் விசாரிக்க வேண்டும். விசாரிப்பு கண்டிப்பாக அமையாமல், நலம் கேட்பதாக அமைய வேண்டும்.

4. மனச்சோர்வு நோயாளிக்கு ஒவ்வொரு வருகையிலும் அளவுகோலைப் பயன்படுத்தி, மதிப்பெண் குறையாதபோது சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

5. நீண்டகால மருந்து உட்கொள்வோரின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை அதே நிலையத்தில் பார்க்க வேண்டும்.

6. குடும்பத்தினருடன் ஒருமுறையேனும் தனியே அமர்ந்து நோயின் இயல்பையும், மருந்தை நிறுத்தினால் நேரக்கூடியதையும் விளக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தேவைப்படுவது மருத்துவரின் நேரமும், ஊழியரின் பயிற்சியும், ஒழுங்காக நிரப்பப்படும் ஓர் ஏடும் ஆகும்.

நிருவாகத்தின் பங்கு

மருத்துவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கும்போது, நிருவாகமும் தன் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். மாவட்டத் திட்டத்தின் மாதாந்தர அறிக்கையில் எத்தனை முகாம்கள் நடந்தன, எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு மருந்து வழங்கப்பட்டது என்பவையே பெரிதும் கேட்கப்படுகின்றன. ஒரு நாளில் நூறு பேரைப் பார்த்த மருத்துவர் பாராட்டப்படுகிறார். அந்நூறு பேரில் ஆறு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருப்போர் எத்தனை பேர் என்ற கேள்வி எழுவதில்லை. கேட்கப்படாத கணக்கை எந்த அலுவலகமும் எழுதி வைப்பதில்லை. இந்த ஒரு கேள்வியை அறிக்கைப் படிவத்தில் சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தமோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஆயினும் மாவட்டத்தின் பணி முறையையே மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு.

குழந்தை இறப்பைக் குறைத்ததில் கேரளம் நாட்டிற்கு வழிகாட்டியது. அது பெரிய மருத்துவமனைகளால் மட்டும் கிட்டிய வெற்றியன்று. வராதவரைத் தேடிச் சென்ற செவிலியர்களின் உழைப்பாலும் கிட்டியதாகும். அவ்வுழைப்பை மனநோயாளிக்கும் உரியதாக்குவதே திருவனந்தபுரத்திலும் பிற மாவட்டங்களிலும் இனி ஆற்ற வேண்டிய பணி. ஏட்டில் காலியாக நிற்கும் வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மருத்துவரும் அலுவலரும் ஒருங்கே உணர்ந்தால், அப்பணி தானே தொடங்கிவிடும்.